கொஞ்சம் சீரியஸ்

காரின் நான்கு கதவுகளையும் பொறுப்பாகப் பூட்டியது சேரன்தான்.

சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருடைய முதுகுப் பைகளும் உள்ளே. அவனுடைய பாஸ்போர்ட் உள்ளே. கிழவரின் நாயும் உள்ளே.

நாய் கண்ணாடியில் மூக்கை வைத்து, வேறு யாரையும் சந்தேகப்படாமல், சேரனையே பார்த்தது.

நியூசிலாந்தில், மலையடிவாரத்தில், ஒரு பெட்ரோல் பங்கும் ஒரு டெலிபோன் பூத்தும் சேர்ந்து ஊர் என்று பெயர் வாங்கியிருந்த இடம் அது. சாலையோரம் கை காட்டி நின்ற மூன்று பேரைப் பார்த்து இரக்கப்பட்டு நிறுத்தியவர் அந்த ஆட்டுப் பண்ணைக் கிழவர். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியை யாரும் பூட்டியதே இல்லையாம்.

கார் விஷயத்தில் சேரனின் படிப்பு, அக்கா கல்யாணத்துக்கு நீடாமங்கலத்தில் வாடகைக்கு எடுத்த அம்பாசிடரோடு முடிந்துவிட்டது. "கடைசியா எறங்குறவன் பூட்டுக் குமிழ அமுக்கிட்டு எறங்குடா" என்று அந்த டிரைவர் போட்ட அதட்டல் கடல் கடந்தும் வேலை செய்தது.

கிழவர் திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லை மகனே" என்று தோளில் தட்டிவிட்டு, கதவைத் திறக்கக் கம்பி தேடப் போனார்.

இருட்டுவதற்குள் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அதை விட்டால் அடுத்த விமானம் நாளைக்கு மறுநாள்.

அம்மா போய்விட்டாள் என்று சேரனுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் தெரியும்.

நேற்று வீட்டுக்குப் பேசியபோது அக்கா வீட்டுக்காரர் எடுத்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே இருப்பதே சரியில்லை.

"கொஞ்சம் சீரியஸா இருக்கு சேரா. கெடைக்கிற ஃபிளைட்டப் புடிச்சு வா."

"அம்மாவுக்கா மச்சான்?"

"எல்லாம் வந்து பேசிக்கலாம். நீ மொதல்ல கெளம்பு."

வெளிநாட்டில் இருப்பவனுக்குப் போனில் சாவு சொல்வதில்லை என்பது அவன் ஊர் வழக்கம். ஒண்டியாகக் கிடக்கிறவன், கேட்டால் என்ன ஆவானோ என்று சீரியஸ் என்று சொல்லி வரவழைப்பார்கள். பின்தெருத் தங்கையன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார். கையில் அவர் அம்மாவுக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருந்தது.

"சீரியஸ் என்றால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று ஜெர்மனிக்காரி ஈவா காலையிலிருந்து தேற்றிக்கொண்டிருந்தாள். அவளும் அயர்லாந்துக்காரன் பிரெண்டனும் விடுதியில் பழக்கமானவர்கள். கிறிஸ்துமஸ் லீவில், ஆக்லாந்து கம்ப்யூட்டர் வேலையை மூட்டை கட்டிவிட்டு அவர்களோடு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தான் சேரன். விஷயம் கேட்டதும் தங்கள் மலையேற்றத்தை விட்டுவிட்டு, அவனை விமானம் ஏற்றாமல் போவதில்லை என்று கூடவே வந்துவிட்டார்கள்.

"எங்க ஊர்ல, மாலை வாங்க ஆள் போயாச்சுன்னு அர்த்தம்" என்றான் சேரன், சிரித்துக்கொண்டே.

அவன் எதைச் சொன்னாலும் சிரிக்கிற பிரெண்டன் அதற்குச் சிரிக்கவில்லை.

வண்டியில் வரும்போது சேரன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல் அழுதான். அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். அப்பாவின் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போய் வருவாள். மேடு பள்ளம் வந்தால் அப்பாவை வைவாள். அதற்கென்றே அப்பா பள்ளம் பார்த்து ஓட்டுவார்.

இனி அவர் யாரை ஏற்றிக்கொண்டு போவார்? வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். காரியமெல்லாம் முடிந்ததும் கையோடு கூட்டி வந்துவிடலாமா? ஆக்லாந்துக் குளிரில் துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு என்ன செய்வார்?

தொப்பிக்கு உள்ளேயே இவ்வளவு ஏற்பாடும் நடந்தது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க விட்டுவைத்திருப்பார்களா, எடுத்துவிடுவார்களா?

பூட்டாமல் மிஞ்சிய சொத்து சட்டைப் பையிலிருந்த டெலிபோன் கார்டுதான். பூத்துக்குள் போனான். ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். மச்சானை எப்படி மடக்குவது என்று வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டான். 'ஐஸ் பெட்டியில வச்சிருக்கீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க மச்சான். நான் தாங்குவேன்.'

அவன் சம்பளத்தில் வீட்டுக்கு வந்த போன் அது. அந்தத் தெருவுக்கே முதல் போன். இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டது.

"மச்சான்..."

"தம்பியா?"

அம்மா.

 சேரன் பூத்தின் கண்ணாடியில் சாய்ந்து, வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். வெளியே ஈவா அதைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள். பிரெண்டன் அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். கம்பியோடு வந்த கிழவர், விஷயம் எதுவும் விளங்காமலேயே தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

"அம்மா! நீ இருக்கியாம்மா! உன்னைய சீரியஸ்னு சொல்லி ராத்திரியெல்லாம் அழவச்சுட்டாரும்மா மச்சான். வரட்டும் அந்த ஆளு..."



"நான் இருக்கேன்யா" என்றாள் அம்மா.  "உங்கப்பாதான் போயிட்டாங்க. நேத்து காலையில தண்ணி பாக்கப் போனவங்க, வரப்புலயே சாஞ்சிட்டாங்க. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு மாப்புள. எனக்குத்தான் மனசு கேக்கல. என்னையத்தானே நெனச்சு வழியெல்லாம் அழுதுகிட்டு வருவ? அது அவுங்களுக்குச் சேர வேண்டியது தம்பி."