கொல்லிக் கலங்களும் ஒரு சைக்கிளும்

உயிரின் ஆதி இரகசியம் இன்று பின்னேரம் நாலு மணிக்குப் புத்தூர் வாசிகசாலையில் அவிழ்கிறது. பதாகையில் ‘செவ்வியல் சாரா மூலக்கூறு’ என்று இருப்பதைப் பார்த்துக் கச்சேரி என்று நம்பி வந்த ஒருவர், “வித்துவான் எப்ப வருவார்?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். பேச வந்த கலாநிதி வாகீசனுக்குக் கோட்டுக்குள் வியர்க்கிறது. யன்னல் வெயில் பட்டு, திரையில் அவர் காட்டும் கருப்பைப் படம் வெளிறிக் கிடக்கிறது. “கருப்பையிலை, உடம்புக்கு அந்நியமானதைக் கொல்லுற கொல்லிக் கலங்கள் நிறைய நிக்குது. பிள்ளை பாதி தகப்பன்ரை, அதுகளுக்கு அந்நியம். நச்சுக்கொடி இந்த மூலக்கூறைக் காட்டித்தான் அதுகளை அடக்குது. அது சரியா அமையாட்டில் கரு தங்காமலும் போகலாம். தாயிலை பிழை இல்லை.” மூன்றாம் வரிசையில் அவர் மனைவி வினோஜா எழும்புகிறாள். இரண்டு முறை கரு கலைந்தவள். மடியிலிருந்த கைப்பை கீழே விழுகிறது, அவள் குனியவில்லை. “இஞ்சேருங்கோ, அப்ப நான் சைக்கிள் ஓடினதாலை இல்லையோ?” சைக்கிள் ஓடியதால்தான் கரு கலைந்தது என்று சொல்லி அவளுடைய சைக்கிளை விற்றவர் அவர்தான். தண்ணீர்க் குவளையை எடுக்கிறார், அது வெறும் குவளை. “நல்ல கேள்வி,” என்கிறார். “தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்.” இதே மூலக்கூறை ஆராய்ந்துதான் அவர் கலாநிதிப் பட்டம் வாங்கினார். அது சைக்கிளை விற்பதற்கு இரண்டு வருடம் முந்தி.