செருகாத மைக் ஒயர்

பதிவில் சத்தம் விழக்கூடாதென்று ஷைனி மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தாள். அவளுடைய படுக்கையறைதான் ஸ்டூடியோ. நாளைக்கு பெல்ஜின் கனடா போகிறான். அதற்குள், கல்லூரி நாட்களில் மூன்று பேரும் பாடித் திரிந்த பழைய சினிமாப் பாட்டொன்றைச் சேர்ந்து பாடிப் பதிந்துவிட வேண்டும் என்று அபிஷாதான் ஒற்றைக்காலில் நின்றாள். பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் ஷைனிக்குக் குரல் உடைந்தது. அழுதுகொண்டேதான் பாடி முடித்தாள்.

கம்ப்யூட்டரில் இருந்த ஏ.ஐ. மென்பொருள் பாட்டை மெருகேற்றிப் போட்டுக்காட்டியது. மூன்று குரலும் அப்படியே இருந்தன. நடுவில் அபிஷாவின் செருமல்கூட இருந்தது. அதே இரண்டாம் சரணத்தில் ஷைனியின் குரல் உடைந்தது.

"அருமை மக்கா!" என்று துள்ளி எழுந்த பெல்ஜினின் காலில் மைக் ஒயர் தட்டுப்பட்டது. அதன் முனை தரையில் கிடந்தது. யாரும் அதைக் கம்ப்யூட்டரில் செருகவே இல்லை.

மூவரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப இது நம்ம பாடினது இல்லியா?" என்றாள் அபிஷா.

"நம்ம பழைய பாட்டெல்லாம் அதுகிட்ட கெடக்குல்லா. அத வச்சு அதுவே பாடிருக்கும்" என்றான் பெல்ஜின்.

"சரி, நான் அழுவேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் ஷைனி.

பெல்ஜின் அவள் முகத்தைப் பார்த்தான். "நான் கண்ண மூடிட்டுல்லா பாடினேன். நீ நெசமாவே அழுதியா?"

ஷைனி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு நேரமும் மின்விசிறி ஓடாமல் அறை புழுங்கிக் கிடந்தது. மூன்று பேர் முகத்திலும் அதே ஈரம்தான் இருந்தது.