சேதுவின் தனித் தட்டு

“வைரஸாம், புனிதம். இனிமே என் தட்டைத் தனியா வை.”

“கையில வந்த கட்டிக்கும் தட்டுக்கும் என்னாங்க சம்பந்தம்?”

“அந்த வைரஸாலதான் கட்டியே வந்துச்சாம். டாக்டரே சொல்லிட்டாங்க லா.”

மருத்துவமனை நாற்காலியில் காத்திருந்த புனிதவதிக்கு அந்தப் பேச்சு மறுபடியும் நினைவுக்கு வந்தது. போன தீபாவளி முடிந்த வாரம், தனியாக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த கணவர் சேது வாசலிலேயே நின்று சொன்னது.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டியவர் சேது. ஜன்னலில் வைத்தே வெயிலில் கறுத்துப்போன வலது கையில், கொசு கடித்தாற்போல் சிவப்பாக ஒரு கட்டி. வலியே இல்லை. ஒரே மாதத்தில் கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. தோல் புற்றுநோய், அதிலும் அபூர்வமாக வருகிற, வேகமாகப் பரவுகிற வகை என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். கதிர் சிகிச்சையும் முடிந்தது.

அதன் பிறகும் தட்டு தனியாகவே இருந்தது. தட்டோடு நின்றதா? கூடத்தில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டரைத் தொட மாட்டேன் என்று தள்ளி நின்றபடி அவளையே மாட்ட வைத்தார். லைசென்ஸ் எடுத்ததோடு சரி என்று இருந்தவளைக் காரையும் ஓட்ட வைத்தார்.

“ஸ்டியரிங்லகூடவா ஒட்டும்?”

“கண்ணுக்குத் தெரியிற சாமானா அது? கிளட்ச்ச மிதி. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் வரைக்கும் ஓட்டு.”

“பின்னால உக்காந்துகிட்டு அதிகாரம் மட்டும் கொறையல. ஆளுங்கள வேல வாங்குற பெரிய மண்டோருன்னு நெனப்பு!”

வாய்தான் அப்படிப் பேசியது. மகன் ஜோகூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வைரஸ். விளக்கை அணைக்கும்போதெல்லாம் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வரும். கேட்டால், வைரஸ் என்பார். விழுங்கிக்கொள்வாள்.

இன்று சேது ஸ்கேன் அறைக்குள் போனதும், அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் விஷாலினியைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர், அந்த வைரஸ் எனக்கும் ஒட்டியிருக்குமா?”

“ஆன்ட்டி, அது முக்கால்வாசிப் பேர் தோல்ல சின்ன வயசுலேர்ந்தே இருக்கிறதுதான். உங்ககிட்ட இருக்கலாம், என்கிட்டயும் இருக்கலாம். ஒண்ணும் பண்ணாது. வயசு, வெயில், எதிர்ப்பு சக்தி கொறையிறதுன்னு பலதும் சேர்ந்து, எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். புற்றுநோய் ஒட்டாது.”

“அப்ப ஒரே தட்டுல சாப்பிடலாமா?”

“தாராளமா. அங்கிள்கிட்ட மொத நாளே சொல்லிட்டேனே! அவரு சொல்லலையா?”



திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஈஜோக் ஊரைத் தாண்டினாள். அப்புறம் செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தினாள்.

“ஒட்டாதுன்னு தெரிஞ்சுகிட்டேதான் என்னைத் தள்ளி வச்சீங்களா? அப்படி என்னாங்க கசந்துபோச்சு உங்களுக்கு?”

பின் இருக்கையில் சேது தன் கைத் தழும்பைத் தடவினார்.

“இது திரும்பி வந்தாலும் வரும்னும் அன்னிக்கே சொன்னாங்க, புனிதம். நான் இல்லாம இருக்க நீ பழகணும்ல? வேற எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாம் பழகிட்டேன்,” என்றாள். “இன்னிக்கு உள்ள வந்து படுங்க.”