குவார்ட்டர்ஸ் விதி

மாதாப்பூர் ஃபிளாட்டின் ஜன்னல் வழியே சாயங்கால வெயில் நீளமாக விழுந்து, தரையில் விரிந்து கிடக்கும் புத்தகத்தின் வழவழப்பில் பளிச்சிடுகிறது. கூரியரில் வந்த புதுப் புத்தகம். பூதம், வாள், நிலவறை என்று கற்பனையில் ஆடும் விளையாட்டின் விதிகள். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் மஹதியும் நஸ்ரினும் சிறுமிகளாக ஆடியபோது இருந்தது பாதிப் பக்கங்கள் இல்லாத ஜெராக்ஸ்தான். அதன் மை வாசனை லேசில் கையை விட்டுப் போகாது. இல்லாத விதிகளை அவர்களே போட்டுக்கொண்டார்கள். இன்று மதியம் நஸ்ரினுக்கு வேலை போய்விட்டது. ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள், நீல நாடா மட்டும் இன்னும் அவள் கழுத்தில் தொங்குகிறது. நஸ்ரின் உருட்டிய பகடை ஒன்றில் நிற்கிறது. பூதம் அடித்த அடியில் அவளுடைய வீராங்கனை செத்து விழுகிறாள். மஹதி பக்கத்தைப் புரட்டுகிறாள். "செத்தா செத்ததுதானாம்டி. வேற ஆளை வெச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு." "நக்கோ, அதெல்லாம் வேணாம். நம்ம ஜெராக்ஸ்ல அந்தப் பக்கமே கிடையாது." நஸ்ரின் எழுந்துபோய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவருகிறாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தால் செத்தவள் எழுந்துவிடலாம்; அது குவார்ட்டர்ஸ் விதி. அண்ணாந்து குடிக்கிறாள். தொண்டை ஏறி ஏறி இறங்குகிறது, தாடையில் வழிந்து நாடா நனைகிறது. காலிச் சொம்பைப் புத்தகத்தின் மேலேயே கவிழ்த்துவிட்டுக் கையை நீட்டுகிறாள். "எந்திரிச்சாச்சு. டைஸைக் குடு."