டொய்ங்கின் துறவு

டிராயரைப் பூட்டிய பிறகும் அது உள்ளே கிடந்து துடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைச் சட்டைப்பையில் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னும் அடங்கலியா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"கொஞ்ச நேரம் துடிக்கும். அப்புறம் சரியாயிடும்."

"சுவிட்ச் ஆஃப் பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

அதற்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. சார்ஜர் ஒயரைக்கூட டிராயர் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, போனில் சொருகித்தான் வைத்திருந்தார். குடியை விட்டவன் பாட்டிலைத் தினமும் துடைத்து வைப்பது மாதிரி.

இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஆபீஸில் அவருக்குப் பெயர் டொய்ங். அவர் போன் நிமிஷத்துக்கு நாலு தடவை அப்படித்தான் கூப்பிடும். அவரும் நாலு தடவையும் குனிந்து பார்ப்பார். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, மாமனாரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, எதற்கும் விதிவிலக்கு கிடையாது. மாமனார் விஷயத்தில்தான் மனைவி பொங்கிவிட்டாள்.

"ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

என்ன யோசிப்பது என்பதையே அவர் போனில் தேடிப் பார்த்ததாகக் கேள்வி. கடைசியில் ஒரு வழி பிறந்தது.

ஆபீஸில் விரல் வைக்கும் மெஷினைத் தூக்கிவிட்டு, வருகைப் பதிவை அவரவர் போனிலேயே ஏற்றியிருந்தார்கள். போன் கட்டடத்துக்குள் வந்தால் ஆள் வந்தாச்சு, வெளியே போனால் ஆள் போயாச்சு. ஆகவே அது ஆபீஸிலேயே கிடக்கட்டும், வீட்டு வாசற்படி மட்டும் மிதிக்க வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

முதல் வாரம் கை சும்மா இருக்கவில்லை. போன் இல்லாத சட்டைப்பையை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஆனால் மலை மாதிரி கிடந்த மனுக்கள் மளமளவென்று குறைந்தன. மாலை ஆறு அடித்ததும் டாணென்று வீட்டுக்குக் கிளம்பினார்.

இரண்டாம் வாரம், மகள் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"எப்பம்மா போட்டே?"

"ஒண்ணாவது படிக்கிறப்பவேப்பா."

இப்போது அவள் மூன்றாவது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். கதை ரொம்ப சுமார், ஆனாலும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் வாரம் பழைய வியாதி போய்ப் புது வியாதி வந்தது. லிஃப்டில் சிக்கியவரையெல்லாம் பிடித்து நிறுத்தி, "நான் போனையே விட்டுட்டேன், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். போனோடு இருந்தபோதே மனுஷன் தேவலை என்று ஆபீஸ் முணுமுணுத்தது.

இருபத்தோராம் நாள் பக்கத்து சீட்டுக்காரர் குசுகுசுத்தார். "நம்ம செக்ஷன்ல ஒருத்தரைத் தூக்கப் போறாங்களாம். மேனேஜர் ராத்திரியில மெசேஜ் போடறாரு, நாங்கல்லாம் கட்டைவிரல் காட்டறோம். நீ மட்டுந்தான்பா ஒண்ணும் காட்டறதில்ல."

டொய்ங் டிராயர் சாவியை வெளியே எடுத்து, மறுபடி சட்டைப்பையிலேயே போட்டார். இவர் ஒருவர் வேலையை நம்பித்தான் வீடே ஓடுகிறது. இந்த வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மத்தியானமே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேனேஜரின் கண்ணாடி அறை முப்பது அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கி வெளியே பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. இப்போதும் தூக்கவில்லை.

"உட்காருங்க. ஒருத்தரை அனுப்பியே ஆகணும்னு மேலேருந்து உத்தரவு. அதான் எல்லாரோட வருகைப் பதிவையும் பார்த்துட்டிருக்கேன்."

"சார், அந்த ராத்திரி மெசேஜுக்கு..."

"அட, அதை விடுங்க. இருபத்தோரு நாளா நீங்க வீட்டுக்கே போகலியே! ஞாயித்துக்கிழமைகூட இங்கதான் இருந்திருக்கீங்க. உங்களைத் தொட முடியுமா? இனிமே செக்ஷனுக்கே நீங்கதான் தலைவர்."

போன உயிர் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால், எல்லாம் சுபம்.

"குடும்பம்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு உழைக்கறீங்க பாருங்க," என்றார் மேனேஜர், திரையைப் பார்த்தபடியே. "எப்படி முடியுது உங்களால?"

இப்படி ஒருவர் தானாகக் கேட்கமாட்டாரா என்றுதானே மனிதர் இத்தனை நாளாக லிஃப்டில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்! நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"குடும்பத்தை மறக்கல சார். ஆறரைக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். நான் போனையே விட்டுட்டேன், தெரியுமா? ராத்திரி பகலா இங்க கிடக்கறது அதுதான்."

முதல் தடவையாக மேனேஜரின் தலை நிமிர்ந்தது. டொய்ங்கை ஏற இறங்கப் பார்த்தார். திரையில் இருந்த வருகைப் பதிவை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப போன் இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."