ரெண்டு பன்னிரண்டு இஞ்ச்

"பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரா ரெண்டு வெச்சுக் குடுங்க," என்றாள் வந்தவள்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்பவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "ரூம் எவ்வளவு பெருசு?"

"பத்துக்குப் பத்து."

"அதுக்கு எட்டு இஞ்ச் ஒண்ணே ஜாஸ்தி. எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?"

"நாளைக்குத்தான் கத்துக்க ஆரம்பிக்கறேன்."

ஸ்குரூ டிரைவரை மேஜைமேல் விட்டெறிந்தார். "சுவரே அதிரும்மா! பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"போட முடியுமா, முடியாதா?"

பல்லைக் கடித்தபடி ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தார். "எங்க கொண்டுவந்து இறக்கணும்?"

அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் அவள் ஓங்கிக் குத்தினாள்.

"இதுக்கு அந்தப் பக்கம். மூணு வருஷமா உங்க கதவுக்கடியில நான் போட்ட பதினோரு லெட்டர்லயும் நீங்க இப்போ கேட்ட அந்த 'என்ன பாவம் பண்ணாங்க'ங்கற கேள்வியைத்தான் எழுதியிருந்தேன்."