எனக்குப் பின்னால் ஒருத்தர்

"அக்கா, கொஞ்சம் மெதுவா போங்க... மூச்சு வாங்குது!"

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் தையல்காரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. தனக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அது போதும்.

"வாங்க தம்பி, வாங்க! மலையைப் பார்க்காதீங்க, முன்சக்கரத்தைப் பார்த்து மிதிங்க. தானா ஏறிடும்," என்று திரும்பிப் பார்க்காமலே உபதேசம் செய்தாள். சைக்கிள் பயணத்துக்கு அவளே புதுசுதான். ஆனாலும் தன்னைவிட மெதுவாக வருகிற ஒருவர் கிடைத்துவிட்டால் யாருக்குத்தான் குரு ஸ்தானம் வராது?

சாலைக்கு ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் குன்றின் உச்சி வரைக்கும் திராட்சைக் கொடிகள். பயணத்தின் நாலாவது நாள், கடைசி நாளும் அதுதான். மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ முன்னே பறந்துவிட்டார்கள். முதலில் பறந்தவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்; விசில் இல்லாமலே ஊரைக் கூட்டுகிற வாய்.

"வாங்க அண்ணி, வேண்டாங்கல. ஆனா ஒரே ஒரு நாள் கடைசி ஆளா வந்தீங்கன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு வீடும் தையல் மெஷினும்தான்!" என்று கிளம்பும் முன்பே மிரட்டியிருந்தாள்.

அந்தப் பயத்தில், முதல் நாள் காலையில் பயணத் தலைவர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசியபோது தையல்காரம்மா கழிப்பறையில் இருந்தாள். ஆனால் முதல் இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. அடுத்த வருஷமும் வரவேண்டும், அதற்கடுத்த வருஷமும் வரவேண்டும் என்ற ஆசை மட்டும் ஒட்டிக்கொண்டது.

"வருஷக்கணக்கா மெஷினை மிதிச்சிருக்கேன் தம்பி. மிதிச்சா நகரும்னு இப்பத்தான் தெரியுது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது மட்டும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"ஆமா, எதுக்கு ரெண்டு பக்கமும் இவ்வளவு பெரிய பை? வீட்டையே காலி பண்ணிட்டு வந்த மாதிரி! இதைத் தூக்கிட்டு வந்தா எப்படி ஏறும்?"

"அடுத்த தடவை குறைச்சுக்கறேன் அக்கா."

ஒரு வழியாக மேடு முடிந்தது. கீழே ஆறு வளைகிற இடத்தில், பயணம் முடிகிற தோட்ட வீட்டின் முற்றம் தெரிந்தது. யாரோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கைதட்டல் மேலே வரைக்கும் கேட்டது.

"கேட்டீங்களா தம்பி? நமக்கும் இப்படித்தான் தட்டப்போறாங்க."

"உங்களுக்குத் தட்டுவாங்க அக்கா. நான் போய்ச் சேர்றப்ப எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்பாங்க. எத்தனையோ பயணம் வந்துட்டேன், எனக்குன்னு யாரும் தட்டினது இல்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தையல்காரம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூன்று நாளாக இந்த மனுஷன் கடைசியாக வந்ததில்தானே தன் மானம் பிழைத்தது? இறக்கம் முழுக்க அதே நினைப்பாக வந்தவள், கடைசித் திருப்பத்தில் சட்டென்று பிரேக் பிடித்தாள்.

"செயின் கழண்டுடுச்சு போல. நீங்க போங்க தம்பி."

அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீங்க முன்னாடி போங்க."

"ஐயோ, அதெல்லாம் சரிவராது அக்கா! நீங்க போங்க."

"மூத்தவ சொன்னாக் கேட்கணும்."

"வேற எது வேணா சொல்லுங்க, கேட்கறேன். இது மட்டும் வேண்டாம்!"

தையல்காரம்மா சைக்கிளைத் திராட்சைப் பந்தல் கம்பத்தில் சாய்த்துவிட்டு, பக்கத்துக் கல்லில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். "நீங்க போனாத்தான் எழுந்திருப்பேன்."

அவர் கூப்பிடு தூரத்தில் இருந்த முற்றத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பின்னாடியே வந்துடுவீங்கள்ல?"

"வர்றேன், போங்க!"

மிதிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் வாசலைத் தாண்டியதும், அதுவரை யாருக்கும் எழாத அளவுக்குக் கைதட்டலும் கூச்சலும் எழுந்தன. தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வருஷம் போச்சு. போனால் போகட்டும், மனசு நிறைவாக இருந்தது. எழுந்து மெதுவாக மிதித்துப் போனாள்.

வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "அண்ணி! அவரை எப்படி உங்களுக்கு முன்னாடி அனுப்பினீங்க?"

"விடுடி, பாவம். மூணு நாள் அவர் கடைசியா வந்தார். ஒரு நாள் நான் வந்தா என்ன குறைஞ்சு போச்சு? அடுத்த வருஷம் வீட்லயே இருந்துக்கறேன், போ!"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடைசி ஆள் யாரோ, அவங்களுக்குப் பின்னாடியே வந்து பத்திரமா கொண்டு சேர்க்கறதுதான் அண்ணி அவரோட வேலை!"

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படின்னா... மூணு நாளும்?"

"நீங்கதான்!" என்று அவளை இறுகக் கட்டிக்கொண்டாள் நாத்தனார். "முதல் நாளே தோத்துட்டீங்க அண்ணி. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் உங்க முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு, அடுத்த வருஷத்துக்கு முதல் பேரா உங்க பேரைத்தான் குடுத்தேன்!"